நான்காம் நாற்காலி

நான்காம் நாற்காலியில் உட்கார்ந்தவர் கடந்த முப்பது நாள்களில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை என்று அறிக்கை சொன்னது.

தில்லைநாயகி முதலில் அதை இயந்திரக் கோளாறு என்றுதான் நினைத்தாள். மஞ்சனூர் கிளை நூலகத்தில் மொத்தம் பதினாறு நாற்காலிகள். மற்ற பதினைந்திலும் படித்த வரிகள் ஆயிரக்கணக்கில் பதிவாகியிருந்தன. நான்காவதில் மட்டும் பூஜ்யம். ஆனால் அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருந்த நேரம் நூற்று நாற்பத்திரண்டு மணி. நூலகத்திலேயே அதுதான் அதிகம்.

ஒரு வருடத்துக்கு முன்புவரை இந்த நூலகத்தின் வாசலில் ‘கைப்பேசிக்கு அனுமதி இல்லை’ என்று ஒரு பலகை தொங்கியது. ஸ்டூலில் ஏறி அதைக் கழற்றியவளே நூலகரான தில்லைநாயகிதான். வேறு வழி இருக்கவில்லை. வாசகர் குறைந்த கிளைகளை மூடிவிடுவது என்று மேலே முடிவாகியிருந்தது. போனை வெளியே வைத்துவிட்டு உள்ளே வா என்றால் வருவதற்கு ஊரில் ஆளில்லை. அந்தச் சமயத்தில் வந்ததுதான் ‘கண்வழி’.

ஒவ்வொரு நாற்காலிக்கு எதிரிலும் மேஜையில் ஒரு தாங்கி. வாசகர் தன் போனை அதில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் போதும். போன் இல்லாதவருக்கு நூலகத்தின் போன் அங்கேயே இருக்கும். போனின் கேமரா வாசகரின் கண்ணைப் பின்தொடரும். ஒரு சொல்லில் கண் தடுக்கினால் காதுக்குள் அதன் பொருளைச் சொல்லும். கண் களைத்தால், விட்ட வரியிலிருந்து தானே வாசித்துக் காட்டும். தினமும் எத்தனை வரிகள் படிக்கப்பட்டன என்பது மாவட்டத்துக்குப் போகும். கிளை இருக்குமா போகுமா என்பதை அந்த எண்ணிக்கைதான் முடிவு செய்தது.

இதற்கெல்லாம் ஊர்க்காரர்கள் தயங்கியபோது தில்லைநாயகி ஓர் அறிவிப்பு எழுதிச் சுவரில் ஒட்டினாள். ‘பதிவில் யாருடைய பெயரும் இருக்காது. நாற்காலி எண் மட்டுமே இருக்கும். யார் என்ன படிக்கிறார் என்று நூலகம் கவனிக்காது.’ கீழே அவளுடைய கையெழுத்து, நூலகத்தின் முத்திரை.

மாதத்துக்கு ஒருமுறை கருவிகளைப் பார்க்க வரும் ஜெரால்டிடம் அவள் அந்தப் பூஜ்யத்தைக் காட்டினாள். அவன் நான்காம் நாற்காலியின் போனைத் தன் கணினியில் செருகி அரைமணி நேரம் பார்த்தான்.

“போன் நல்லாத்தான் இருக்கு மேடம். ஆளு உக்காந்திருக்காரு, புத்தகம் திறந்திருக்கு, பக்கத்தையும் சரியா திருப்புறாரு. கண்ணுதான் நகரல.”

“கண்ணு நகராம எப்படிப்பா படிக்க முடியும்?”

“அதைத்தான் சொல்றேன். படிக்கிறவங்க கண்ணு தாவித் தாவிப் போகும் மேடம். வரி முடிஞ்சா சட்டுனு இடப்பக்கம் திரும்பும். தூங்கி வழிஞ்சுக்கிட்டே படிச்சாலும் அந்தத் தாவல் இருக்கும். இவருக்கு ஒரு தடவைகூட இல்ல. பக்கத்துக்கு நடுவுல ஒரே இடத்துல நிக்குது. அப்பப்ப நிமிர்ந்து, பக்கத்துல இருக்கறவங்க வாயைப் பாக்குது.”

“அப்படின்னா?”

“படிக்கல. படிக்கிற மாதிரி உக்காந்திருக்காரு.” ஜெரால்டு ஒயரைச் சுருட்டினான். “யாருன்னு எனக்குத் தெரியாது, தெரியவும் வேணாம். எனக்கு நம்பர்தான்.”

அவளுக்குத் தெரியும். ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஜன்னலை ஒட்டிய நான்காம் நாற்காலி மருதப்பனுடையது. மாவட்டத் தலைநகரில் ஒரு பதிப்பகத்தில் முப்பத்தொரு வருடம் மெய்ப்புத் திருத்தி ஓய்வு பெற்றவர். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்திலும் பிழை பார்ப்பது அவர் வேலை. இப்போது நூலகத்தின் வாசகர் வட்டத் தலைவர். கூட்டங்களில் புத்தகங்களைப் பற்றி அவர் பேசினால் கைதட்டல் அடங்க நேரமாகும். கண்வழி வந்தபோது ஊரில் அதை எதிர்த்த ஒரே மனிதரும் அவர்தான். “அதை நான் தொடவே மாட்டேன்” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தொடாவிட்டால் அது வேலை செய்யாது என்று நினைத்துக்கொண்டார். தொடாவிட்டாலும், திரை இருண்டிருந்தாலும் அது பார்த்துக்கொண்டுதான் இருக்கும் என்பது தில்லைநாயகிக்குத் தெரியும். அவள் அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜெரால்டு போன பிறகு அவள் அந்த எண்ணை மூடிவைத்திருக்க வேண்டும். மூடவில்லை. முந்தின மாதத்தைத் திறந்து பார்த்தாள். அதற்கு முந்தின மாதத்தையும். எல்லாம் பூஜ்யம்.

அந்த வாரத்தில்தான் மருதப்பன் ஒரு மனு எழுதி, முப்பத்தாறு பேரிடம் கையெழுத்து வாங்கி, நூலகம் வழியாகவே மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பினார். மஞ்சனூர் நூலகத்திலிருந்து கண்வழியை எடுத்துவிட வேண்டும் என்பது கோரிக்கை. எடுத்துவிட்டால் வரிகள் இல்லை. வரிகள் இல்லையென்றால் கிளை இல்லை. ஒன்பது வருடமாக இந்தக் கட்டடத்தைக் கட்டிக் காத்தவள் அவள். மழை ஒழுகியபோது புத்தக அலமாரிகளைத் தன் பழைய சேலைகளால் மூடியவள். ஒரு வரிகூடப் படிக்காத மனிதர் இதை மூடவைக்கப் பார்க்கிறாரே என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

இரண்டாம் சனிக்கிழமை காலை அலுவலர் நேரில் வந்தார். கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். மருதப்பன் வெள்ளைச் சட்டையின் கை மடிப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

“ஐயா, ஒரு வருஷமா இந்தக் கூடத்துல மனுஷக் குரலே கிடையாது. இவங்க யாரும் படிக்கல. போன் இவங்களுக்குப் படிச்சுக் காட்டுது. காதுல ஒண்ணை மாட்டிக்கிட்டு சும்மா உக்காந்திருக்கறதுக்குப் பேரு வாசிப்பா?” அவர் இரண்டாவது வரிசையில் இருந்த ஹசீனாவைக் காட்டினார். தேர்வாணையத் தேர்வுக்குப் படிக்கும் பெண். “இதோ இந்தப் பொண்ணு. முன்னாடி எவ்வளவு அழகா வாய்விட்டுப் படிக்கும். இப்ப பொம்மை மாதிரி உக்காந்திருக்கு. இதை நூலகம்னு சொல்ல எனக்கு வெக்கமா இருக்கு.”

ஹசீனா தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு முறை தேர்வில் தவறியவள், இந்தக் கருவி வந்த பிறகுதான் மூன்றாம் முறைக்குத் துணிந்திருந்தாள். அலுவலர் தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

தில்லைநாயகி எழுந்தாள். அந்த நொடியின் கோபத்தில் அப்படிச் செய்துவிட்டேன் என்றுதான் பிற்பாடு அவள் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள விரும்பினாள். அது பொய். மனுவின் நகலைக் காலையிலேயே எடுத்துத் தன் கோப்பின் மேலாக வைத்திருந்தாள்.

“சார், வாசிப்பு பத்தி நல்லா பேசினீங்க. இது நீங்க உங்க கையாலேயே எழுதின மனு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிச்சுக் காட்டுங்களேன்.”

மருதப்பன் காகிதத்தை வாங்கிக்கொண்டார். “இதுல என்ன இருக்குன்னு எனக்கே தெரியுமேம்மா. சொல்றேன்.”

“சொல்ல வேணாம் சார். படிங்க. ரெண்டாவது பத்தியிலேருந்து.”

அவர் சட்டைப் பையைத் தடவினார். அடுத்த பையையும் தடவினார். “கண்ணாடியை எங்க வெச்சேன்னு…”

“மூக்கு மேலதான் சார் இருக்கு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கூடம் சிரித்தது.

அவர் காகிதத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய வலது கை ஆள்காட்டி விரல் இடது உள்ளங்கையில் மெல்ல எதையோ எழுதியது. அந்தப் பத்தியின் முதல் எழுத்தின் வடிவத்தை அப்படியே கையில் வரைந்து பார்த்தார். “நூ…” என்றார். அடுத்த எழுத்தை வரைந்தார். “ல…” நெற்றியில் வேர்த்தது. சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாவது எழுத்தில் விரல் இரண்டு முறை சுற்றி வந்து நின்றுபோனது.

அங்கேயே அவள் நிறுத்தியிருக்கலாம்.

“நாலாம் நம்பர் நாற்காலியில ஒரே மாசத்துல நூத்தி நாப்பத்திரண்டு மணி நேரம் உக்காந்திருக்கீங்க சார். ஒரு வரிகூடப் படிக்கலன்னு ரிப்போர்ட் சொல்லுது. நீங்க இவங்களைப் பாத்து, படிக்கலன்னு சொல்றீங்களா?”

மருதப்பன் மனுவை நான்காக மடித்து மேஜையில் வைத்தார். யாரையும் பார்க்கவில்லை. செருப்பை மாட்டும்போது இடது வலது மாறிப்போய் மறுபடி கழற்றி மாட்டினார். அதற்கு ஆன நேரம் முழுக்கக் கூடம் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தது.

“சரியான கேள்விம்மா” என்றார் அலுவலர். மனு அங்கேயே தள்ளுபடியானது. கிளை தப்பித்தது.

எல்லாரும் போன பிறகு ஹசீனா அவள் மேஜைக்கு வந்தாள். “அவருக்கு என்னமோ ஆகியிருக்கு மேடம். அந்த விரலைப் பாத்தீங்கல்ல? ஒவ்வொரு எழுத்தா எழுதிப் பாத்தாரு. படிக்கவே தெரியாதவங்க அப்படிச் செய்ய மாட்டாங்க.”

“பாத்தேன்” என்றாள் தில்லைநாயகி.

திங்கள்கிழமை காலை மருதப்பனின் மனைவி பாக்கியம் வந்தார். ஒரு மஞ்சள் பையிலிருந்து நான்கு புத்தகங்களையும் உறுப்பினர் அட்டையையும் எடுத்து மேஜையில் வைத்தார்.

“கணக்கை முடிச்சுக் குடுத்துடும்மா. இனிமே வர மாட்டாரு.”

“அம்மா, உக்காருங்க. சாருக்கு…”

“மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள் காலையில பேப்பரை எடுத்துக்கிட்டு வந்து, இது என்ன பாஷை பாக்கியம்னு கேட்டாரு.” பாக்கியம் உட்காரவில்லை. “நான் விளையாடறாருன்னு நெனச்சேன். மூளைக்குள்ள ஒரு சின்ன அடைப்பு வந்து போயிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. கை கால் எல்லாம் நல்லா இருக்கு. பேச்சு நல்லா இருக்கு. எழுதக்கூட முடியும். பேனாவை எடுத்தா பழையபடி முத்து முத்தா எழுதுவாரு. எழுதி முடிச்சு நிமிர்ந்து பாத்தா, அவர் எழுதினதே அவருக்குத் தெரியாது. ஏதோ கிறுக்கல்னு தோணுமாம். அப்படி ஒரு நோவு இருக்காம்.”

“யார்கிட்டயும் சொல்லலியே அம்மா.”

“பெத்த புள்ளைங்ககிட்டகூட சொல்லக் கூடாதுன்னுட்டாரு. முப்பத்தோரு வருஷம் ஊர்ல உள்ளவன் எழுத்தையெல்லாம் திருத்தினவரு. எப்படிச் சொல்லுவாரு?”

“இங்க தினமும் வந்து உக்காந்தாரே…”

“அந்த ஜன்னல் பக்கம் புள்ளைங்க பரீட்சைக்குப் படிக்கும்ல. ஒண்ணு கேள்வி கேக்கும், இன்னொண்ணு பதில் வாசிக்கும். நீ ‘சத்தம் போடாதீங்க’ன்னு அதட்டுவியாம், அதுங்க கிசுகிசுன்னு படிக்குமாம். அதைக் கேக்கத்தாம்மா வந்தாரு. சோழர் வரலாறு, அரசியல் சட்டம், பூச்சி புழு எல்லாம் கேட்டுக்கிட்டு வந்து ராத்திரிச் சோத்துக்கு முன்னாடி எனக்குச் சொல்லுவாரு. கூட்டத்துல பேசினதெல்லாம் அப்படிக் கேட்டதுதான். அப்புறம் இந்தப் போன் வந்துச்சு. ஆளாளுக்குக் காதுல மாட்டிக்கிட்டாங்க. ஒரு புள்ளையும் வாயைத் திறக்கல. ‘பாக்கியம், எனக்கு மறுபடி கண்ணு போன மாதிரி இருக்கு’ன்னாரு.”

“அந்தப் போனே அவருக்கும் படிச்சுக் காட்டியிருக்குமே அம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா…”

“நானும் சொன்னேன். மருதப்பனுக்கு எதுக்கு இதுன்னு நாலு பேர் கேப்பாங்களேன்னாரு.” பாக்கியம் பையை மடித்தார். “இப்ப நாப்பது பேர் கேட்டாச்சு.”

நான்கு புத்தகங்களையும் அலமாரியில் வைக்க அவளுக்கு மூன்று நாளானது.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று திங்களன்றே முடிவு செய்துவிட்டாள். புதன்கிழமை அவர் தெருமுனைவரை போனாள். அங்கே இருந்த மருந்துக் கடையில் தேவையில்லாத தலைவலி மாத்திரை ஒன்று வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். வெள்ளிக்கிழமையும் அதே கடை. “மேடத்துக்கு இன்னும் சரியாகலியா?” என்று கடைக்காரர் கேட்டார். இதற்கிடையே மாவட்டத்திலிருந்து பாராட்டுக் கடிதம் ஒன்று வந்தது. திட்டத்தை உறுதியோடு நடத்திக்காட்டியதற்காக. அதை யாரும் பார்க்கும் முன் இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். யாராவது நூலகத்துக்குள் வந்து அவளைப் பார்த்துச் சிரித்தால், அந்தச் சிரிப்பு எதற்கு என்று யோசித்தாள். நான்காம் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை.

கூட்டம் முடிந்து எட்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை காலை, மருந்துக் கடையைத் தாண்டிப் போய்க் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தவர் மருதப்பன்தான். “வாங்கம்மா” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பாக்கியம் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

“சார், அன்னைக்கு நான் பண்ணினது…”

“உக்காருங்க முதல்ல.”

“இல்ல சார், நான் சொல்லிடறேன். எனக்குத் தெரியாதுன்னு சொல்ல மாட்டேன். உங்க விரல் அசைஞ்சப்பவே என்னமோ இருக்குன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் பேசினேன்.”

மருதப்பன் ஒரு நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார். “அதைச் சொல்லத் தேவையில்லம்மா. நானும் அப்ப உங்க முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். இப்ப எனக்கு அதைத்தான் படிக்க வருது.” பிறகு மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். “நீங்க வந்தது நல்லதாப் போச்சு. ஒரு உதவி வேணும். ஒரு கடிதம் எழுதியிருக்கேன். எழுதினதை என்னால சரிபாக்க முடியாது. பாக்கியம் படிப்பா, ஆனா சந்திப்பிழையெல்லாம் அவளுக்குப் பிடிபடாது. எப்படியும் நூலகர் வழியாத்தான் மேல போகணும். வாய்விட்டுப் படிங்க. பிழை இருந்தா சொல்லுங்க.”

கையெழுத்து அச்சுக் கோத்ததுபோல் இருந்தது. மாவட்ட அலுவலருக்கு எழுதப்பட்டிருந்தது. அவள் படிக்கத் தொடங்கினாள்.

“‘ஐயா, நான் மஞ்சனூர் கிளை நூலகத்தில் இருபத்தெட்டு ஆண்டுகளாக உறுப்பினர். மூன்று ஆண்டுகளுக்கு முன் நோயால் படிக்கும் திறனை இழந்தேன். அதை மறைத்து வாசகர் வட்டத் தலைவராக நீடித்தது என் தவறு. அப்பொறுப்பிலிருந்து விலகுகிறேன். செவியால் கேட்டுப் படிப்பவர்களை, குறிப்பாக ஒரு மாணவியை, கூட்டத்தில் இழிவாகப் பேசினேன். நானே பிறர் படிப்பதைக் கேட்டுத்தான் அறிந்துவந்தேன். எனவே அது இரட்டைத் தவறு. அம்மாணவியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். ஆனால்…’”

அவள் நிறுத்தினாள். அடுத்த வரியில் அவளுடைய பெயர் இருந்தது. கண் அதற்குள் நான்கைந்து வரிகள் தாவிப் போய்விட்டது. அவள்மேல் புகார். இது மேலே போனால் அவளுக்கு என்ன வரும் என்று தெரியும்.

எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு இந்தத் தாளில் இருப்பது கிறுக்கல். அவள் வேறு எதை வாசித்தாலும் அதுதான் அவருக்குக் கடிதம். நான்கு வரிகளை விட்டுவிட்டு ‘இப்படிக்கு’ என்று முடித்தாலும் அவரால் கண்டுபிடிக்க முடியாது. உள்ளே அடுப்படியில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

“ஏன் நிறுத்திட்டீங்க?” என்றார் மருதப்பன். அவருடைய பார்வை அவள் வாயின் மேல் இருந்தது.

“‘ஆனால்…’” தொண்டையைச் செருமிக்கொண்டாள். “‘ஆனால், எந்த வாசகரையும் கவனிக்க மாட்டோம் என்று கையெழுத்திட்டு அறிவித்த நூலகர் திருமதி தில்லைநாயகி, அவ்வுறுதியை மீறி என் நாற்காலியின் பதிவை எடுத்துப் பார்த்தார். அதைக் கொண்டு நாற்பது பேர் முன்னிலையில் என்னை அவமானப்படுத்தினார். நோயை மறைத்த குற்றத்துக்கு அது தண்டனை ஆகாது. இதை விசாரிக்க வேண்டும். இனி எந்த வாசகருடைய கண்ணையும் நூலகம் பதிவு செய்யக் கூடாது. வாய்விட்டுப் படிக்க விரும்புவோருக்குக் கூடத்தில் ஒரு மேஜையாவது ஒதுக்க வேண்டும். இப்படிக்கு, ம. மருதப்பன், வாசகர்.’”

அந்தக் கடிதம் மறுநாளே அவள் கையாலேயே மேலே போனது. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. நான்கு மாதத்தில் அவளை வேறு ஊருக்கு மாற்றினார்கள். மஞ்சனூரில் தாங்கிகள் அப்படியே இருந்தன. கண்ணைப் பார்க்கும் வேலையை மட்டும் நிறுத்தினார்கள், வரிகளுக்குப் பதிலாக ஆள்களை எண்ணத் தொடங்கினார்கள். விசாரணைக்கு வந்த அதிகாரி அவளிடம் தனியாகக் கேட்டார்: “அவருக்குத்தான் படிக்க வராதே. நீங்க ஏன் இதை அப்படியே அனுப்பினீங்க?” அவளுக்கு அந்தக் கேள்வி அதுவரை கேட்ட எதையும்விட அசிங்கமாக இருந்தது. அன்று அந்த வீட்டில் அதே கேள்வி தனக்குள் எழுந்தது என்பதால்.

அன்று அவள் கடிதத்தைப் படித்து முடித்ததும் மருதப்பன் முன்னால் சாய்ந்து கேட்டார்.

“பிழை ஏதாவது?”

இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கலாம்.

“ஒரு இடத்துல ஒற்று விட்டுப்போயிருக்கு சார்.”

அவர் முகம் விழுந்துவிட்டது. கூட்டத்தில் சிரித்தபோதுகூட அப்படி விழவில்லை. “எந்தச் சொல்லுல?”

“‘அவமானப்படுத்தினார்’ங்கறதுல. நடுவுல ‘ப்’ இல்ல.”

“கீழே ஒரு கூம்பு போட்டு மேல எழுதுங்க. அடிச்சுத் திருத்தாதீங்க, பாக்கறவங்களுக்குக் குழப்பும்.”

தில்லைநாயகி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். தாளை முழங்காலில் வைத்து, ‘ன’வுக்கும் ‘ப’வுக்கும் இடையில் சின்னதாக ஒரு கூம்பு வரைந்தாள். அதன் மேல் ‘ப’ எழுதிப் புள்ளி வைத்தாள்.

“போட்டாச்சா?”

“போட்டுட்டேன் சார்.”

“சரி. அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிங்க.”

அவள் படித்தாள்.